பிள்ளையாரைக் குடித்த மாசிலாமணி

கொட்டாம்புளிக்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்டமாட்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் அவர்களைப் பற்றிய புகாரே அதுதான்.

கோயில் வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று ஒரு தடவை பலகை வைத்தார்கள். அன்றைக்கு வெறுங்காலோடு வந்த சீரங்கன், கழற்ற ஒன்றும் இல்லையே என்று வாசலிலேயே வெகு நேரம் தவித்தான். பிறகு வீட்டுக்கு ஓடி, அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, முறைப்படி கழற்றிவிட்டு உள்ளே போனான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. "பக்தின்னா இப்படி இருக்கணும்" என்றார்கள்.

அந்த ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குத் திருப்பணி நடந்தது. அதற்கு நாலு பேர் கொண்ட ஒரு கமிட்டி. தலைவர் அம்பலவாணர், ஊரிலேயே மூத்தவர். எதையும் கண்ணை மூடி யோசித்துவிட்டுத்தான் சொல்வார். சில நாள் யோசனை முடிந்தும் கண்ணைத் திறக்க மறந்துவிடும். அடுத்தவர் கோவிந்தராசு, கேள்வி கேட்பது அவர் வேலை. சீரங்கனுக்குத் தலையாட்டுகிற வேலை. நாலாவது ஆள்தான் மாசிலாமணி.

மாசிலாமணிக்கு வயது முப்பத்தெட்டு. முருங்கைக்காய்க்கு வேட்டி கட்டிய மாதிரி இருப்பான். கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. ஒரு தடவை "போய்ப் பொண்ணைப் பார்த்துட்டு வா" என்று அனுப்பினார்கள். போனான், வாசலில் நின்று பெண்ணைப் பார்த்தான், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்துவிட்டான். பஜ்ஜி தட்டோடு பெண்வீட்டார் தெருமுனை வரை துரத்திக்கொண்டு வந்தும் நிற்கவில்லை. அவனை அனுப்பியவர்கள் பஜ்ஜியைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கடைசியில் அடுத்த ஊரான மேலப்பாடியில் தையல் கடை வைத்திருக்கும் பூங்காவனம் அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். "சொன்னதைச் செய்யற ஆம்பளை ஒருத்தர் இருக்காருன்னா, நான் எதுக்குங்க விடணும்?" என்றாள். கும்பாபிஷேகம் முடிந்த கையோடு, அதே காலை, அதே கோயிலில் கல்யாணம் என்று பேச்சு. அவளுடைய தாய்மாமன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "இந்த முகூர்த்தம் தவறக் கூடாது. தவறினா, டிராக்டர் வச்சிருக்கற மாப்பிள்ளை ஒருத்தர் ரெடியா இருக்காரு."

மாசிலாமணி அன்றிலிருந்து டிராக்டர் சத்தம் கேட்டாலே திடுக்கிட்டான்.

திருப்பணி தொடங்கும்போது குருக்கள் வந்து, பிள்ளையாரின் சக்தியை மந்திரம் சொல்லி ஒரு குடத்துத் தண்ணீரில் இறக்கி வைத்தார். நூல் சுற்றிய மண்குடம். மேலே மாவிலை, தேங்காய். கோயிலுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, அதைப் பலகைமேல் வைத்தார்கள்.

"நன்னாக் கேட்டுக்கோங்கோ" என்றார் குருக்கள். "கும்பாபிஷேகம் வரைக்கும் சாமி இதுலதான் இருக்கார். யாராவது ஒருத்தர் கூடவே இருக்கணும். ஒரு சொட்டுக்கூடத் தரையில விழப்படாது. அன்னிக்கு இதுல இருக்கறதை அப்படியே விமானத்து உச்சிக்குக் கொண்டுபோய்க் கலசத்து மேல ஊத்தணும். புரிஞ்சுதா?"

நாலு பேரும் தலையாட்டினார்கள். குருக்கள் பஸ் ஏறிப் போன பிறகும் சீரங்கன் ஆட்டிக்கொண்டிருந்தான்.

கும்பாபிஷேகத்துக்கு ஒரு வாரம் இருக்கும். அன்றைக்குக் காவல் மாசிலாமணியுடையது. நல்ல வெயில். மரியாதைக்காகக் கைகட்டி நின்றுகொண்டே தூங்கிவிட்டான். அந்த நேரம் பார்த்துச் சீரங்கனுடைய ஆடு உள்ளே வந்தது. மாவிலையை எட்டிக் கடித்து இழுத்தது. தேங்காய் உருண்டது, குடம் சாய்ந்து பலகை விளிம்பில் இடித்தது. விழவில்லை. ஆனால் அடிப்பக்கம் விரிசல் விட்டு, நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

மாசிலாமணி கண்ணைத் திறந்தான். சொட்டைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழக்கூடாது. பாய்ந்து விரிசலில் வாயை வைத்தான்.

குடம் பெரியது. தண்ணீர் நிற்கிற வழியாக இல்லை. மாசிலாமணியும் விடவில்லை. மூக்கால் மூச்சு வாங்கி வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடித்தான். தரை காய்ந்த தரையாகவே இருந்தது. காலடியில் காலி வாளி ஒன்று இருந்ததை அப்புறம்தான் பார்த்தான். பார்த்தும் வருத்தப்படவில்லை. குருக்கள் வாளியைப் பற்றிப் பேசவே இல்லையே.

அப்போது ஒரு ஏப்பம் வந்தது. சாமி வெளியே வந்துவிடப் போகிறார் என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

கமிட்டி கூடியது.

"குடத்துல இருந்தவரு இப்ப எங்க இருக்காரு?" என்றார் கோவிந்தராசு.

மாசிலாமணி வாயிலிருந்து கையை எடுக்காமல் வயிற்றைக் கண்ணால் காட்டினான்.

அம்பலவாணர் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் கழித்து, மூடியபடியே சொன்னார்: "குடத்தை எப்படிப் பார்த்துக்கணும்னு குருக்கள் சொன்னாரோ, அப்படி இவனைப் பார்த்துக்க வேண்டியது. தூக்கிப் பலகைமேல வைங்கப்பா."

வைத்தார்கள். கழுத்தைச் சுற்றி நூல் சுற்றினார்கள். தலையில் மாவிலை வைத்து, அதன்மேல் தேங்காயை நிறுத்தப் பார்த்தார்கள். அது மட்டும் நிற்கவில்லை. வேர்த்தால் சொட்டு விழுமே என்று சீரங்கன் விசிறிக்கொண்டு நின்றான்.

சாயந்திரம் வாக்கில் மாசிலாமணியின் முகம் கோணியது. ஒரு குடம் தண்ணீர் குடித்தவனுக்கு வரக்கூடிய அவசரம்தான். சபையில் சொல்லக் கூச்சமாக இருந்தது. சொல்லாமலும் முடியவில்லை. காதோடு காதாக அம்பலவாணரிடம் சொன்னான்.

அம்பலவாணர் இந்தத் தடவை கண்ணை முழுசாக மூடக்கூட இல்லை. "தண்ணி வேற, சாமி வேற. தண்ணி வரும், போகும். சாமி அப்படியே இருப்பாரு. நீ போய்ட்டு வா."

அவன் வாழ்நாளில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறான். எதுவும் இவ்வளவு ஆறுதலாக இருந்ததில்லை.

மறுநாளிலிருந்து பூஜை. விடியலில் பால் அபிஷேகம், அப்புறம் சந்தனம், கழுத்தில் அருகம்புல் மாலை. ஊர் திரண்டு வந்து அவன் முன்னால் தோப்புக்கரணம் போட்டது. இவனும் பழக்க தோஷத்தில் எழுந்து கூடவே போட்டான். "சாமி போடக் கூடாது, உக்காரு" என்று அடக்கினார்கள். பிள்ளையார் இத்தனை ஒல்லியாக இருந்தால் வெளியூர்க்காரன் என்ன நினைப்பான் என்று, வேளைக்கு ஒரு பானை கொழுக்கட்டை வந்தது. மூன்றாவது பானையில் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது: சாமிக்குப் படைத்த பிறகு பிரசாதத்தை மற்றவர்கள்தானே சாப்பிடுவார்கள்? கேட்டான். "நாங்க படைக்கறோம், நீதான் நெசமாவே தின்னுடறியே" என்றார்கள்.

அதில் இன்னொரு குறையும் இருந்தது. சீரங்கன் வயதில் இளையவன், நேற்று வரைக்கும் "நீங்க என்னண்ணே சொல்றீங்க?" என்றவன், இப்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு "அப்பனே, நீதான்டா காப்பாத்தணும்" என்றான். மனுஷனாக இருந்தபோது கிடைத்த மரியாதை சாமியானதும் போய்விட்டதே என்று மாசிலாமணி யோசித்தான்.

கோவிந்தராசு பெரிய தேங்காயாக ஒன்றை உடைத்துவிட்டுக் கண்கலங்கி நின்றார்.

"பிள்ளையாரப்பா, எனக்கும் என் பங்காளி மாசிலாமணிக்கும் வரப்புத் தகராறு. அவன் ஒரு முழம் என் பக்கம் தள்ளி வெட்டிட்டான். நீதான் அவனுக்கு நல்ல புத்தி குடுக்கணும்."

"யோவ், வரப்பு எங்க அப்பா காலத்துலேருந்து அங்கதான்யா இருக்கு!"

"இவன்கிட்ட யாரு பேசறா? நான் உள்ள இருக்கறவர்கிட்ட சொல்றேன். நீ குறுக்க வராத."

மாசிலாமணி வாயை மூடிக்கொண்டான். உள்ளே இருக்கிறவர் யார் பக்கம் என்று தெரியாததால் ராத்திரி சாப்பிட்ட கொழுக்கட்டை சரியாக இறங்கவில்லை.

இத்தனையும் அவன் பொறுத்துக்கொண்டான். கல்யாணத்துக்கு இன்னும் நாலைந்து நாள்தானே என்று இருந்தான். அப்போதுதான் பூங்காவனம் கல்யாணச் சட்டைக்கு அளவெடுக்க வந்தாள். கையில் டேப், காதில் பென்சில். மாப்பிள்ளை தலையில் மாவிலையோடு பலகைமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கதை முழுவதையும் கேட்டாள்.

"சரிங்க. சாமியா இருக்கட்டும். சட்டைக்கு அளவு எடுத்துக்கறேன். கல்யாணம் இருக்குல்ல?"

அம்பலவாணர் கண்ணை மூடித் திறந்தார்.

"அது எப்படிம்மா? பிள்ளையார் பிரம்மச்சாரியாச்சே."

மாசிலாமணி தலையிலிருந்து மாவிலை விழுந்தது. இத்தனை நாளில் இது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அவங்க அம்மா மாதிரி பொண்ணு கிடைச்சா கட்டிக்கறேன்னு சொல்லித்தான் குளத்தங்கரையில உக்காந்துட்டாராம்" என்றான் சீரங்கன், ஆறுதலாக. "நீங்க பாக்கறதுக்கு பார்வதி மாதிரி இருப்பீங்களாக்கா?"

"எங்க வீட்டுக் கண்ணாடி அப்படி ஒண்ணும் சொன்னதில்லைப்பா" என்றாள் பூங்காவனம். பிறகு மாசிலாமணி பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு இஷ்டம்தான்." வயிற்றைத் தொட்டுக் காட்டினான். "இவரு மனசுலதான் என்ன இருக்குன்னு தெரியல."

பூங்காவனத்துக்குச் சிரிப்பும் வந்தது, அதற்கு மேல் கோபமும் வந்தது. "எங்க மாமா டிராக்டர்காரர் வீட்டுக்கு ஏற்கனவே ஒரு தடவை போய்ட்டு வந்துட்டாரு. தெரியுமில்ல?" என்றாள். ஆனாலும் அளவெடுக்காமல் போகவில்லை. இடுப்பு, போன மாசத்தைவிட இரண்டு அங்குலம் கூடியிருந்தது.

அவள் போனபின் மாசிலாமணி கைகூப்பினான். யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று குழம்பி, கடைசியில் குனிந்து தன் வயிற்றையே கும்பிட்டான். "அப்பனே, நீ பிரம்மச்சாரியா இரு, வேண்டாங்கல. ஆனா அந்த இன்னொரு மாப்பிள்ளைகிட்ட டிராக்டர் இருக்கு. என்கிட்ட நீ ஒருத்தன்தான் இருக்க."

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் குருக்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினார். கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்தவர், விமானத்துச் சாரத்தைப் பார்த்து, பையைக் கீழே போட்டார்.

மேலே மாசிலாமணி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். இரண்டு கணுக்காலிலும் தாம்புக்கயிறு. ஒரு காலைச் சீரங்கனும் மறு காலைக் கோவிந்தராசுவும் பிடித்திருக்க, அம்பலவாணர் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, வாய் கலசத்துக்கு நேரா வரணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பூங்காவனம் ஒரு ஓரமாகக் கையைக் கட்டி நின்றிருந்தாள்.

"என்னடா பண்ணிண்டிருக்கேள்!"

"ஒத்திகைங்க சாமி" என்றார் அம்பலவாணர் பணிவாக. "இருக்கறதை அப்படியே மேல கொண்டுபோய் ஊத்தணும்னு சொன்னீங்க."

"கும்பம் எங்கேடா?"

"அதோ, தொங்குதுங்களே."

குருக்கள் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பிறகு முழுக்கதையும் கேட்டார். பிறகு இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்டார். மாசிலாமணியை இறக்கச் சொல்லி, புதுக்குடம் ஒன்றில் நீர் நிரப்பி, நூல் சுற்றி, மந்திரம் சொன்னார். இவர்களுக்குத் திருப்தியாக இருக்கட்டும் என்று, தர்ப்பையால் மாசிலாமணியின் தலையைத் தொட்டுக் குடத்தையும் தொட்டார்.

"ஆச்சு. சாமி கும்பத்துக்கு வந்துட்டார். நீ போய்க் குளிச்சுட்டு நாளைக்குக் கல்யாணத்துக்குத் தயாராகு."

மாசிலாமணிக்கு உடம்பே இலேசானது. பூங்காவனம் முதல் தடவையாகக் கையைத் தளர்த்தினாள். எல்லாம் அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். கோவிந்தராசு கேள்வி கேட்டுவிட்டார்.

"முழுசா வந்துட்டாருங்களா சாமி? இவனுக்குள்ள கொஞ்சம்கூட மிச்சம் இல்லையே?"

குருக்கள் காலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். பொறுமை மிச்சம் இல்லை. "ஏண்டா, சாமி என்ன மோரா, அளந்து ஊத்தறதுக்கு? அவர் எங்கும் நெறஞ்சிருக்கார். எடுத்தாலும் குறையமாட்டார். கும்பத்துலயும் இருக்கார், இவனுக்குள்ளயும் இருக்கார், உனக்குள்ளயும் இருக்கார். எல்லாருக்குள்ளயும் இருக்கறது அவர் ஒருத்தர்தான்!"



"எனக்குள்ளயுமா?" என்றார் அம்பலவாணர்.

"ஆமாம்."

"சீரங்கனுக்குள்ள?"

"இருக்கார்."

சீரங்கனுடைய தலை பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஆடாமல் நின்றது.

"அப்ப அவன் ஆட்டுக்குள்ள?" என்றார் கோவிந்தராசு.

"அதுக்குள்ளயும்தான்!"

"அப்படின்னா அன்னைக்கு அவரு மாவிலையை அவரே தின்னுட்டு, அவரு குடத்தை அவரே உடைச்சுட்டு, அப்புறம்..." கோவிந்தராசுவுக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

அம்பலவாணர் கண்ணை மூடினார். இந்தத் தடவை மூடியது மூடியதுதான். திறந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"அப்ப இந்த ஊர்ல யாருக்குமே கல்யாணம் ஆகலப்பா."

"என்ன தலைவரே சொல்றீங்க?"

"எல்லாருக்குள்ளயும் இருக்கறது பிள்ளையார். பிள்ளையார் பிரம்மச்சாரி. இவனுக்கு ஆகக் கூடாதுன்னா நமக்கு மட்டும் எப்படி ஆகியிருக்கும்? எனக்கும் காமாட்சிக்கும் நாப்பது வருஷமா... உள்ள ஒருத்தர் உக்காந்திருக்கறது தெரியாமலேயே..."

"எனக்கு ஆறு பிள்ளைங்க!" என்று கோவிந்தராசு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குருக்கள் வாயைத் திறந்தார். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் அது எங்கே கொண்டுபோய் விடுமோ என்று மூடிக்கொண்டார். மாசிலாமணி சத்தம் போடாமல் அழுதான். எங்கோ தூரத்தில் டிராக்டர் ஓடுகிற மாதிரி இருந்தது.

பூங்காவனம் முன்னால் வந்தாள். "குருக்களே, ஒண்ணு கேக்கணும். வடக்கே பிள்ளையாருக்கு ரெண்டு சம்சாரம்னு சொல்றாங்களே, நெசந்தானா?"

"சித்தி, புத்தின்னு ரெண்டு பேர். அந்தப் பக்கத்துல அப்படி ஒரு வழக்கம்."

"அப்ப வடக்கே அவரு பிரம்மச்சாரி இல்ல?"

"இல்லை."

"எங்க ஊர் மேலப்பாடி, இந்த ஊருக்கு எந்தப் பக்கம்?"

கமிட்டி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"வடக்கே" என்றான் சீரங்கன் மெதுவாக.

"வடக்குன்னா எங்க ஆரம்பிக்குது?" என்றார் கோவிந்தராசு, நிமிர்ந்து உட்கார்ந்து.

"நடுவுல வாய்க்கால் ஓடுதுல்ல? அதுக்கு அந்தப் பக்கம் பூரா வடக்குதாங்க. காசி வரைக்கும்."

அம்பலவாணர் குருக்களைப் பார்த்தார். குருக்கள் வானத்தைப் பார்த்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் கும்பாபிஷேகம் நன்றாகவே நடந்தது. குடத்திலிருந்துதான் ஊற்றினார்கள். ஊற்றிய ஈரம் காய்வதற்குள் ஊர் ஆம்பளைகள் மாசிலாமணியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினார்கள். தாய்மாமன் கடிகாரத்தைப் பார்த்தபடி முகத்தைச் சுளித்தார். ஆனால் முகூர்த்தம் தவறவில்லை. இரண்டு அங்குலம் கூட்டித் தைத்த சட்டையில் மாசிலாமணி தாலி கட்டினான். மூன்று முடிச்சுப் போடச் சொன்னார்கள், போட்டான். முடிச்சை விடச் சொல்லி யாரும் சொல்லாததால் பிடித்தபடியே நின்றான்.

"போதும், விடுங்க" என்றாள் பூங்காவனம். அவள் சிரித்ததைப் பார்த்து அவனும் சிரித்தான். எந்தப் பக்கத்திலும் டிராக்டர் சத்தம் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தால், அவனுக்குப் பின்னால் கொட்டாம்புளி ஆம்பளைகள் அத்தனை பேரும் கையில் மாலையோடு வரிசையாக நின்றிருந்தார்கள். முதல் ஆள் அம்பலவாணர். வெள்ளைத் தலையைப் படிய வாரி, புதுத் துண்டு போட்டிருந்தார். பெண்கள் எல்லாரும் வாய்க்காலின் தெற்குக் கரையிலேயே நின்றுவிட்டிருந்தார்கள்.

"காமாட்சி! சீக்கிரம் இந்தப் பக்கம் வா! முகூர்த்தம் போகுது!"

காமாட்சியம்மா மதகின்மேல் நிதானமாக உட்கார்ந்தாள். "இருங்க. இந்தப் பக்கம் நிக்கற வரைக்கும் எனக்குக் கல்யாணம் ஆகல, அப்படித்தானே?"

"ஆமா!"

"அப்ப என்ன அவசரம்? போன தடவை யாரும் என்னைக் கேக்கல. இந்தத் தடவை முறையாப் பொண்ணு கேட்டு வாங்க. பெரியவங்க யாராவது வந்து பேசணும். மாப்பிள்ளையே பேசறது நல்லா இல்ல."

அம்பலவாணர் பெரியவர் யாராவது கிடைப்பார்களா என்று சுற்றிப் பார்த்தார். ஊரிலேயே பெரியவர் அவர்தான். கமிட்டி நின்ற இடத்திலேயே கூடியது. கல்யாணமாகாத பையன்கள் சம்பந்தம் பேசப் போவது அழகில்லை என்று முடிவாயிற்று. கொட்டாம்புளியில் கல்யாணமான ஆம்பளை இந்த நிமிஷத்துக்கு ஒரே ஒருத்தன்தான்.

மாசிலாமணி கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு, ஒரு கால்கூடத் தெற்கே பட்டுவிடாமல் வடகரையின் விளிம்பில் வந்து நின்றான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"எங்க பையனைப் பத்தி நாங்களே சொல்லிக்கக் கூடாதும்மா. தங்கமான பையன். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது."

"குறட்டை விடுவாரா?" என்றாள் காமாட்சியம்மா.

மாசிலாமணி பையனைத் திரும்பிப் பார்த்தான். அம்பலவாணர் தலையைக் குனிந்து, கால் கட்டைவிரலால் தரையில் கோடு போட்டபடி, வெட்கத்தோடு சொன்னார்:

"எனக்குத் தெரியாதுங்க பெரியவரே. அந்த நேரம் பார்த்து நான் தூங்கிடறேன்."